தவிலுக்குப் பக்கத்தில் தாளம் போடுகிறவர்

மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு. ப்ராக்ரெஸிவ் மெட்டல், அதாவது தாளமும் அமைப்பும் சிக்கலாகப் பின்னிய கனத்த கிட்டார் இசை, வாசிக்கிறவர்கள் உணர்ச்சி, கைத்திறன், இசை இலக்கணம் மூன்றையும் எந்த அளவில் கலக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மூன்று வருடம் யூடியூப் பார்த்துக் கற்று, 7/8, 5/8, 11/8 என்று (சுற்றுக்கு ஏழு, ஐந்து, பதினொரு எண்ணிக்கை) மாறி மாறிப் போகும் ஒன்பது நிமிடப் பாட்டு ஒன்றை எழுதியதாகவும், அதைக் கேட்ட நண்பர் “கணக்கு நோட்டைத் திறந்து வச்ச மாதிரி இருக்குடா” என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி முதலில் சொன்னதைப் பற்றி இருந்தாலும் உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று படுகிறது. இவ்வளவு கற்றதுதான் என் வாசிப்பைக் காயவைத்துவிட்டதா, கற்றதைத் தூக்கிப்போட வேண்டுமா? இதைத்தானே கேட்கிறீர்கள்? தூக்கிப்போட வேண்டாம். உங்கள் பாட்டில் வேறொரு ஆள் குறைகிறார். அவரைப் பற்றித்தான் இந்தப் பதில் முழுக்க.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் 22 வருடமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் திருச்சியில் படித்தபோது ஒரு மெட்டல் குழுவில் வாசித்திருக்கிறேன். அந்தக் குழுவை யாருக்கும் நினைவிருக்காது, அது நல்லதுதான். தாய்மாமா தவில்காரர். ஆகவே கிட்டார் பற்றியும் லயம் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியும். தொண்டையை அடித்துப் பாடும் குரல் முறை பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எட்டுத் தந்திக் கிட்டாரை வீட்டில் வாசித்ததோடு சரி, மேடையில் தொட்டதில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நீடாமங்கலம் பக்கம் ஒரு கோவில் உற்சவத்தில் மாமாவின் மேளத்துக்குத் தாளம் போட ஆள் வரவில்லை. ஜால்ராவை என் கையில் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். புறப்பாட்டுக்கு மல்லாரி. கம்பீர நாட்டை, சாகித்தியம் கிடையாது, ஒரே சொற்கட்டை மூன்று காலத்திலும் வாசிப்பார்கள். அதுவரை சமாளித்துவிட்டேன். வீதி திரும்பி, மாமா மிச்ர நடையில், அதாவது ஏழு ஏழாக, இறங்கினார் பாருங்கள், அவர் கழியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தாளம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாளம் போனதும் நாகசுரக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கும் அந்தப் பார்வை நினைவிருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாமா திட்டவில்லை. “என் கையை ஏன்டா பாக்குற? ஸ்ரீபாதந்தாங்கி காலைப் பாரு. சாமியைத் தூக்கிட்டு நடக்கிறவன் எங்கிட்ட கணக்கு கேட்டா நடக்கிறான்?” என்றார். மறுநாள் பல்லக்குத் தூக்குகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே போட்டேன். மாமா ஏழிலும் ஒன்பதிலும் என்னென்னவோ செய்தார். தாளம் நகரவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் வாசிப்பு எனக்குக் கேட்டது. முந்தின நாள் நான் அதை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மெஷுகாவைக் கேளுங்கள். ஸ்வீடன் நாட்டின் உமெயோ ஊரில் 1987-இல் தொடங்கிய குழு. இவர்கள் வாசிப்பது முழுக்கக் கோணல் கணக்கு என்று ஒரு பேச்சு உண்டு, நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான இடங்களில் அடியில் ஓடுவது சாதாரண நாலு. கிட்டாரும், காலால் மிதிக்கும் பேஸ் டிரம்மும் கோணலான ஒரு சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும்; அதே நேரத்தில் டிரம்மர் தோமஸ் ஹாகேயின் கை சிம்பலில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கூசாமல் அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கைதான் மேளத்தில் தாளம் போடுகிற பையன். கூட்டம் தலையாட்டுவது அந்தக் கைக்கு. கிட்டார் அந்தத் தலையாட்டலுக்கு எதிராக இழுக்கும்போது வயிற்றில் ஒரு பிசைவு வருகிறதே, அதுதான் இந்த இசை தரும் உணர்ச்சிகளில் முதன்மையானது. சிம்பலை எடுத்துவிட்டு அதே ரிஃப்பை, அதாவது கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்தத் துண்டை, தனியாகக் கேட்டால் உங்கள் நண்பர் சொன்ன கணக்கு நோட்டுதான் மிஞ்சும்.

கணக்கையே ஒருமுறை போட்டுப் பார்ப்போம், உங்களுக்குப் பிடித்ததுதானே. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். ஒரு அட்சரத்துக்கு நாலு மாத்திரை வைத்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32. மேற்கத்திய எழுத்தில் இது பதினாறில் ஒரு பங்குச் சுரங்களாக 4/4-இல் இரண்டு பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று). இதற்குள் ‘தகிட தகதிமி’ என்ற ஏழெழுத்தை நாலு முறை சொன்னால் 28. மிச்சம் நாலு. அந்த நாலில் ஒரு ‘தகதிமி’ போட்டால் சமத்துக்கு, அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடிக்கு, வந்துவிடலாம். கையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது ஏழு தொடங்கும்போதே கை ஒருபக்கமும் வாய் ஒருபக்கமும் போகும். கடைசித் ‘தகதிமி’யில் இரண்டும் சேர்ந்து சமத்தில் விழும்போது உடம்பு லேசாகும். நம்மூர்க் கோர்வைகளில் (சொற்கட்டுகளைக் கோத்துத் தாளத்தில் முடிக்கும் கணக்குகளில்) பலவற்றின் அடிப்படை இதுதான், இந்தப் பாணி மெட்டல் ரிஃப்பின் அடிப்படையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. தவில்காரர் கணக்கை முடித்துக்காட்டி, தீர்மானம் வைத்து, கேட்கிறவனுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பார். மெட்டல்காரர்கள் பல நேரம் மிச்சத்தை வெட்டியெறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள். அதனால்தான் முன்னதில் “ஆஹா” வருகிறது, பின்னதில் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இரண்டும் உணர்ச்சிதான்.

உங்கள் பாட்டை நான் கேட்கவில்லை, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன். “கிட்டார் 7/8-க்குப் போகும்போது டிரம்ஸும் பேஸும் அதையே அப்படியே அடிக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது நிமிடமும் எல்லோருமே தவில்காரர்கள் என்றால் தாளம் போட ஆள் யார்? கேட்கிறவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? திருச்சியில் நாங்கள் செய்ததும் இதே தவறுதான். கலைவிழாவில் பதினொரு நிமிடப் பாட்டு ஒன்று, எல்லோரும் ஒன்றாக, ஒரு பிசகில்லாமல் வாசித்தோம். நாலாவது நிமிடத்தில் பாதிக் கூட்டம் கேன்டீனில் இருந்தது.

அதற்காக ஒற்றைப்படைக் கணக்கு என்றாலே மூளை வேலை, மனசுக்கு எட்டாது என்று நினைத்துவிடாதீர்கள். நாம் இருக்கும் மண்ணில் அப்படிச் சொல்ல வாய் வரக்கூடாது. திருவாரூரில் 1762-இல் பிறந்து, தஞ்சாவூர் பங்காரு காமாட்சி சந்நிதியில் பூஜை செய்துகொண்டே பாடிய சியாமா சாஸ்திரிகள் மிச்ர சாபு தாளத்தை எவ்வளவு கையாண்டிருக்கிறார் என்று பாருங்கள். மூன்றும் நாலுமாக ஏழு. சில உருப்படிகளில் அதைத் திருப்பிப்போட்டு நாலும் மூன்றுமாக விலோம சாபு. ஆனந்தபைரவியில் ‘மரிவேரே கதி’யைக் கேட்டு எந்தப் பாட்டியும் இது 7/8 என்று எண்ணியதில்லை, கண்ணைத்தான் துடைத்துக்கொண்டாள். திருப்புகழை எடுத்துக்கொள்ளுங்கள். 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் போட்டுவைத்த சந்தங்களைத் தாளில் எழுதிக் கூட்டினால் எந்த டிரம்மருக்கும் தலை சுற்றும். ஆனாலும் கிருத்திகைக்குக் கிருத்திகை பஜனைக் குழுவில் காய்கறிக் கடைக்காரரும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவும் அதைப் பிசகாமல் பாடுகிறார்கள். பல்கேரிய கிராமங்களில் ஏழிலும் பதினொன்றிலும் கல்யாண நடனமே ஆடுகிறார்கள். ஆகவே ஏழு என்ற எண்ணில் வறட்சி எதுவும் இல்லை. ஏழு உங்களுக்கு ஒரு நடையாகக் கேட்கிறதா, இல்லை எட்டில் ஒன்று குறைந்ததாகக் கேட்கிறதா என்பதுதான் விஷயம். மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று ஏழுவரை எண்ணிக்கொண்டு வாசிக்கிறவனிடமிருந்து எண்ணிக்கைதான் வெளியே வரும். ‘தகிட தகதிமி’ என்று சொல்லி வாசித்தால் அதில் ஏற்ற இறக்கம் தானாக வந்துவிடும், சொல்லுக்கு நடை உண்டு.

டூல் குழுவின் ‘ஸ்கிஸம்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள், 2001-இல் வந்தது, மறுவருடம் கிராமி வாங்கியது. அதன் முக்கிய ரிஃப் ஐந்தும் ஏழும் மாறி மாறி. ஆனால் ஐந்தும் ஏழும் கூட்டினால் பன்னிரண்டு. இரட்டைப்படைச் சுற்று ஒன்று, நடுவில் மட்டும் கோணலாக மடிக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் முதல்முறை கேட்கிறவனும் நொண்டுவதை உணர்கிறான், ஆனால் விழுவதில்லை. அதே ஆல்பத்தின் ‘லேட்டரலஸ்’ இன்னும் வேடிக்கை. பாடல் வரிகளின் அசைகள் 1, 1, 2, 3, 5, 8, பிறகு திரும்பி 5, 3 என்று ஃபிபொனாச்சி வரிசையில் (முந்தின இரண்டைக் கூட்டினால் அடுத்தது) ஏறி இறங்கும். கோரஸ் 9/8, 8/8, 7/8. அந்த 987-உம் அதே வரிசையில் வரும் எண். (அந்த வரிசையை நம் நாட்டுப் பழைய யாப்பிலக்கணக்காரர்கள் குறிலும் நெடிலும் கொண்டு மாத்திரை நிரப்பும் வழிகளை எண்ணியபோதே கண்டுவிட்டார்கள், நாலு மாத்திரையை ஒன்றும் இரண்டுமாக நிரப்ப ஐந்து வழி, போட்டுப் பாருங்கள்.) என்னிடம் வந்த பிள்ளைகள் பலர் இந்தப் பாட்டைக் கேட்டு உருகியிருக்கிறார்கள். அசைக் கணக்கு ஒன்று இருக்கிறதென்று நான் சொன்ன பிறகுதான் வியந்தார்கள். கட்டிடம் எழும்வரை சாரம் வேண்டும், குடியிருக்க வந்தவனுக்குச் சாரம் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பாட்டில் சாரத்தைப் பிரிக்காமலே கிரகப்பிரவேசம் வைத்துவிட்டீர்களோ என்று சந்தேகம்.

இலக்கணம் அவசியமா என்று கேட்டால் ஒரே பதில் இல்லை. ட்ரீம் தியேட்டர் குழு 1985-இல் பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரியில் சேர்ந்த மூன்று மாணவர்களால் தொடங்கப்பட்டது. அவர்கள் படிப்பை முடிக்காமலே வெளியேறினார்கள் என்பது வேறு. அவர்களுடைய கீபோர்டுக்காரர் ஜோர்டன் ருடெஸ் சிறுவயதிலேயே நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பியானோ பயின்றவர். மறுபுறம் ஓபெத் குழுவின் மிகேல் ஓகர்ஃபெல்ட் முறையான இசைக் கல்வி இல்லாமல் காதாலேயே கற்றவர். 2001-இல் வந்த ‘பிளாக்வாட்டர் பார்க்’ கேட்டால் இதில் இலக்கணம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருடைய காதில் அது பெயரில்லாமல் இருக்கிறது. பெயர் தெரிந்தால் குழுவில் ஒருவருக்கொருவர் சீக்கிரம் புரியவைக்கலாம், மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே வர வழி தேடலாம், நேற்று தற்செயலாக வந்த நல்ல இடத்தை இன்று மறுபடி பிடிக்கலாம். என் அனுபவத்தில் இலக்கணத்தின் பயன் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. எதை வாசிக்க வேண்டும் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

இதற்கு ஒரு உதாரணம். மெட்டல்காரர்களுக்கு ஃப்ரிஜியன் அளவுகோல் என்றால் உயிர். அந்த ஏழு சுரத்தையும் நம் கணக்கில் வைத்தால் அனுமத்தோடி, எட்டாவது மேளகர்த்தா ராகம். சுரம் அப்படியே ஒன்றுதான். இப்போது நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேளுங்கள், பழைய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. பிறகு நீங்கள் வாசிக்கும் ஃப்ரிஜியனைக் கேளுங்கள். சுரப்பட்டியலில் இரண்டுக்கும் வேறுபாடு காட்ட முடியாது. வேறுபாடு காந்தாரத்தில் இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. உங்கள் விரல் ஃப்ரெட்டில் அழுத்திய இடத்திலேயே நிற்கிறது. ஆக, அளவுகோலின் பெயரைக் கற்றது வீணில்லை, அது பாதி வழிவரைதான் வரும். மீதிப் பாதி தந்தியை வளைப்பதிலும், எவ்வளவு மெதுவாக வளைக்கிறீர்கள் என்பதிலும், வளைத்ததை எப்போது விடுகிறீர்கள் என்பதிலும் இருக்கிறது. நல்ல மெட்டல் சோலோக்களில் வேகமான நூறு சுரங்களுக்குப் பிறகு வளைத்து நிறுத்தும் ஒற்றைச் சுரம்தான் நினைவில் தங்குகிறது. அந்த ஒன்றுக்காகவே முன்னால் நூறு வந்தது என்றுகூடச் சில நேரம் தோன்றும்.

இங்கே டிஸ்டார்ஷன், அதாவது மெட்டல் கிட்டாரின் கரகரப்பு ஒலி, பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது உங்களுக்குச் சின்ன வயதில் நடந்ததாக நினைவிருக்கும். அப்போது நான் வாரம் இரண்டு நாள் மன்னார்குடிக்கு வகுப்பெடுக்க வருவேன். தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்ட் கம்பம் எல்லாம் விழுந்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரு பையன் வீட்டில் மட்டும் “சார், சும்மா இருந்தா பைத்தியம் பிடிக்குது, வாங்க” என்றார்கள். ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) இல்லாமல் எலெக்ட்ரிக் கிட்டாரை வெறுந்தந்தியாக வாசித்தோம். ஆம்பில் அவ்வளவு அழகாக ஓடிய பையனின் கை, வெறுந்தந்தியில் மேடும் பள்ளமுமாகக் கேட்டது. காரணம் இதுதான்: டிஸ்டார்ஷன் சத்தத்தை அமுக்கிவிடும். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் வெளியே வருவது ஏறக்குறைய ஒரே அளவு. நாகசுரக்காரர் மூச்சால் பெருக்கியும் சிறுத்தும் காட்டும் நயம் நம் கையிலிருந்து பறிபோகிறது. இன்னொன்றும் நடக்கும். இரண்டு சுரங்களைச் சேர்த்து டிஸ்டார்ஷனில் விட்டால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தில் புதிதாக ஒரு சத்தம் பிறக்கும். 110-உம் ஏறத்தாழ 165-உம் சேர்ந்தால் 55 பிறக்கும். அது முதல் சுரத்தின் கீழ் ஸ்தாயி, அதனால் சட்ஜ பஞ்சம ஜோடி தடித்துக் கேட்கிறது. மூன்று நாலு சுரம் கொண்ட நுட்பமான கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) அதே மாதிரி விட்டால் பிறக்கும் சத்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சேறாகிவிடும். அதனால்தான் இந்தக் குழுக்கள் கனமான இடத்தில் எளிய ஜோடிச் சுரங்களும், நுட்பமான கார்டுகளுக்கு டிஸ்டார்ஷன் இல்லாத சுத்தமான ஒலியும் வைக்கிறார்கள். தொடுகையால் காட்ட முடியாத ஏற்ற இறக்கத்தை அமைப்பால் காட்டுகிறார்கள்: சட்டென்று ஒரு நிசப்தம், பனை மாதிரி நிற்கும் ஒற்றைச் சுரம், உள்ளங்கையால் தந்தியை அமுக்கிய முணுமுணுப்பு, பிறகு முழுத் திறப்பு. ஒன்பது நிமிடமும் டிஸ்டார்ஷன் பெடல் மிதித்தபடியே இருந்தால் எவ்வளவு உணர்ச்சி உங்களுக்குள் இருந்தாலும் வெளியே வர வழியில்லை. அந்தப் பையன் இப்போது நன்றாக வாசிக்கிறான். வாரத்தில் ஒருநாள் ஆம்ப் போடுவதில்லை.

கைத்திறன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களிடம் அது இருக்கிறது என்று தெரிகிறது. ஒன்றே ஒன்று. சரளி வரிசையை மூன்று காலத்திலும் சாதகம் செய்யச் சொல்வது வேகத்துக்காக மட்டும் இல்லை. முதல் காலத்தில் வாசிக்கும்போதும் மூன்றாம் காலத்தில் வாசிக்கும்போதும் தாளம் போடும் கை மாறாது. உங்கள் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) பழக்கத்தில் வேகத்தை 5, 5 ஆக ஏற்றிக்கொண்டே போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள்; அதில் உங்கள் நிலமே, அதாவது அடியில் நிற்க வேண்டிய தாளமே, ஓடுகிறது. நிலத்தை நிறுத்திவைத்து, மேலே வாசிப்பதை மட்டும் இரட்டிப்பாக்கிப் பழகுங்கள். மேடைக்கு வரும்போது கை தானாக ஓட வேண்டும், நினைப்பு அதில் இருக்கக்கூடாது. “உணர்ச்சியோடு வாசிப்பது எப்படி” என்று கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு உணர்ச்சியில் குறை இல்லை. அடுத்த பார் என்ன என்ற பயத்தில் மனசு முழுக்க அங்கே போய்விடுகிறது.

இனி கச்சேரி அமைப்பு. நம் கச்சேரியில் முக்கிய உருப்படிக்குப் பிறகு தனி ஆவர்த்தனம், தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிப்பது. கணக்கு உச்சத்துக்குப் போகும் இடம் அது. அது முடிந்ததும் என்ன வரும்? விருத்தம், திருப்புகழ், துக்கடா. தனியின்போது காபி குடிக்கப் போனவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள். கண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் வரும், ஆனால் முன்னால் தனி இல்லாமல் அந்த விருத்தம் அவ்வளவு இறங்குமா என்று நான் யோசிப்பதுண்டு. ட்ரீம் தியேட்டரின் 1999 ஆல்பத்தைப் பாருங்கள், ஒரே கதையைச் சொல்லும் பன்னிரண்டு பகுதிகள். ஒன்பதாவது ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’, பாடலே இல்லாத வாத்திய உருப்படி, ஆறே சொச்சம் நிமிடத்தில் நூறு தடவைக்கு மேல் தாளக் கணக்கு மாறும். அதற்கு இரண்டு உருப்படி தள்ளி ‘தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன்’, மெதுவான, நேரான, கூட்டத்தில் யாரும் சேர்ந்து பாடக்கூடிய பாட்டு. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு “இவர்கள் கணக்குப் பிள்ளைகள்” என்றோ “இவர்கள் உருக்குகிறவர்கள்” என்றோ சொல்வது, தனியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோகிறவர் சொல்லும் விமரிசனம். ஓபெத் இன்னும் ஒரு படி மேலே போய் 2002-இல் ஒரு கனமான ஆல்பமும் 2003-இல் உறுமல் குரலே இல்லாத ஒரு மென்மையான ஆல்பமும் வெளியிட்டார்கள். இரண்டையும் ஒரே காலகட்டத்தில்தான் பதிவு செய்தார்கள். நீங்கள் கேட்ட சமநிலை ஒவ்வொரு பாரிலும் மூன்றையும் மூன்றில் ஒரு பங்கு வைப்பதால் வருவதில்லை. எந்த இடத்தில் எதை முழுதாக விட்டுக்கொடுப்பது என்பதில் வருகிறது.

இதுவரை சொன்னதில் டிஸ்டார்ஷனின் இயல்பு, தாளக் கணக்கு, யார் என்ன படித்தார்கள் என்பதெல்லாம் நிச்சயமானவை. இனிச் சொல்வது என் கருத்து, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று யூடியூபில் சொல்வதை அளவோடு நம்புங்கள். கேட்டுப் பழகிய காதுக்கு அது உண்மை. முகாரி கேட்டால் இங்கே பலருக்கு நெஞ்சு கனக்கிறது, ஊர் தாண்டினால் அதே சுரங்கள் அப்படிக் கேட்காமல் போகலாம். அதேபோல், டெல்டாவில் பிறந்ததாலேயே நமக்கு லயம் ரத்தத்தில் இருக்கிறது என்று சிலர் பெருமை பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாமா தினம் ஐந்து மணிநேரம் சாதகம் செய்தவர். ரத்தத்தில் இருந்திருந்தால் தூங்கியிருக்கலாமே.

கர்னாடக சங்கீதத்தை மெட்டலோடு சேர்க்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கேரளத்தின் மதர்ஜேன் குழு 2008-இல் ‘மக்தூப்’ ஆல்பத்தில் செய்ததைக் கேளுங்கள், பைஜு தர்மஜனின் கிட்டாரில் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) எப்படி வழுக்கி வருகிறது என்று கவனியுங்கள். பெங்களூரின் ப்ராஜெக்ட் மிஸ்ரம் குழு இருக்கிறது. கஞ்சிரா வித்வான் வி. செல்வகணேஷ் 2007-இல் யோனஸ் ஹெல்போர்க், மத்தியாஸ் எக்லுண்ட் ஆகியோரோடு ‘ஆர்ட் மெட்டல்’ என்றே ஒரு ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். வழி இருக்கிறது. ஆனால் கமகத்தோடு அசையும் சுரத்துக்கு அடியில் அசையாத கார்டை வைத்தால் இரண்டும் சண்டை போடும், அதைத் தீர்க்க வருடங்கள் ஆகும். லயத்தைக் கடன் வாங்குவது அதைவிட எளிது, உங்களுக்கு இப்போதைக்கு அது போதும்.

உங்கள் பாட்டுக்கு வருகிறேன். எதையும் புதிதாக எழுத வேண்டாம், எந்தக் கணக்கையும் அழிக்கவும் வேண்டாம். இரண்டாவது பகுதியில் 7/8 ரிஃப் வருகிறதல்லவா, அதை நாலு முறை வாசித்து மிச்சத்துக்கு நாலு மாத்திரை சேர்த்து 32 ஆக்குங்கள். டிரம்மர் கிட்டாரை விட்டுவிட்டு சிம்பலில் நேரான நாலு அடிக்கட்டும். காலால் வேண்டுமானால் உங்களோடு வரட்டும். பெடலை ஒரு நிமிடமாவது விட்டுவிட்டு வெறும் ஒலியில் வாசியுங்கள். 11/8 பகுதிக்கு முன்னால் இரண்டு பார் சும்மா இருங்கள், உண்மையாகவே சும்மா. போனில் பதிவு செய்து, கணக்கு நோட்டு என்று சொன்ன அதே நண்பரிடம் எதுவும் சொல்லாமல் போட்டுக்காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், காலைப் பாருங்கள்.

நீங்கள் கிட்டார், ஆம்ப், பெடல், தந்தியின் கனம் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். டிரம்ஸ் வாசிப்பது யார், அவருக்கு எத்தனை வருடப் பழக்கம் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த முறை எழுதும்போது முதலில் அதை எழுதுங்கள்.